வலிக்காத ஊசி

"எது நல்ல மருந்துன்னு நான் கேட்கல, மிஸ்ஸி. எதுல குத்து கம்மின்னு சொல்லுங்க, போதும்."

கேட்டவர் பெயர் சின்னத்தம்பி. பெயருக்கும் ஆளுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டு கிளினிக்கின் நாற்காலி அவரைத் தாங்க முடியாமல் முனகிக்கொண்டிருந்தது.

நர்ஸ் நிரஞ்சனா இரண்டு பேனா ஊசிகளை மேசையில் வைத்தாள். இரண்டுமே சர்க்கரையை இறக்கும், பசியை அடக்கும், ஆரம்பத்தில் கொஞ்சம் குமட்டும். ஒன்றைத் தினமும் போட வேண்டும். மற்றதை வாரம் ஒருமுறை போட்டால் போதும், எடையும் இதில்தான் அதிகம் குறையும். டாக்டருக்கு இரண்டுமே சம்மதம் என்றாள்.

சின்னத்தம்பி தினப் பேனாவை ஒற்றை விரலால் தள்ளிவிட்டார். வாரப் பேனாவையும் சந்தேகமாகப் பார்த்தார். வருஷத்துக்கு ஒன்று என்று எதுவும் வரவில்லையா என்று விசாரித்தார்.

"ஊசி முடி மாதிரிதான் இருக்கும், அங்கிள். அவ்வளவு பயம்னா டாக்டர்கிட்ட மாத்திரையே கேட்போமா?"

"அதெல்லாம் தின்னு பார்த்தாச்சு லா. பெல்ட்டு பூட்ட மாட்டேங்குது. ஜனவரிக்குள்ள பூட்டலேன்னா என் இடத்துல மச்சான் வந்து நிப்பான்."

ஏதோ காண்டோ அடுக்குமாடியில் செக்யூரிட்டி வேலை போலிருக்கிறது. யூனிஃபார்ம் பெல்ட்டுக்காக ஒரு மனிதர் இந்தப் பாடு படுகிறாரே என்று நிரஞ்சனாவுக்கு மனம் இளகியது. முகம் தெரியாத அந்த மச்சான் மீது கோபம்கூட வந்தது.

ஒருவழியாக வாரப் பேனா முடிவானது. அவள் ஊசியைத் திருகி மாட்டுவதற்குள் அவர் தண்ணீர் கேட்டார், டாய்லெட் போய் வந்தார், அவள் சாப்பிட்டாளா என்று அக்கறையாக விசாரித்தார். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு சட்டையைத் தூக்கினார்.

நிரஞ்சனாவின் கை அப்படியே நின்றது. மார்பிலிருந்து தொப்பை வரை புள்ளிக் கோலம் போல வரிசை வரிசையாகத் தழும்புகள்.

"என்ன அங்கிள் இது?"

"தைப்பூசத்துக்கு அலகுக் காவடி எடுக்கிறேன்ல, வருஷா வருஷம் நூத்தெட்டு குத்துவாங்க," என்றார் கண்ணைத் திறக்காமலே. "காவடியை இடுப்புல தாங்குற பெல்ட்டுதான் பூட்டல."

"நூத்தெட்டுக்கு வராத பயம் இந்த ஒண்ணுக்கா?"

"அங்க முருகன் இருக்காரு, மிஸ்ஸி. இங்க நீங்க மட்டும்தானே இருக்கீங்க."