பாசிக்கு அடியில் ஒரு கோத்ரோ

செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலிருந்து ஏறிவரும் காற்றில் கல்லறைத் தோட்டத்து மேப்பிள் இலைகள் சரசரக்கின்றன. தெல்பினா லாவெர்தூர் ஈரத்துணியால் ஒரு கல்லைத் தேய்க்கிறாள். அதில் ‘லாவெர்தூர்’ என்ற கீழ்வரி மட்டும் தெரிகிறது. மேலே முழுக்கப் பாசி. பக்கத்துப் பண்ணைக்காரர் ஆல்சீட் கோத்ரோ, பூட்ஸ் காலை அந்தக் கல்லறை மேட்டிலேயே ஊன்றிக்கொண்டு புகைக்குழாயைக் கடிக்கிறார்.

“இந்த ஊர்ல முதல் மரத்தை வெட்டுனது எங்க கோத்ரோ வம்சம். நீங்கல்லாம் நேத்து வந்தவங்க. கல்லைத் தேய்ச்சா மாறிடுமா?”

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கேட்டுக் கேட்டுப் புளித்த பேச்சு. தெல்பினா திரும்பக்கூட இல்லை. பாசி பச்சையாக அவள் மணிக்கட்டில் வழிகிறது. சாய்வெயில் எழுத்துப் பள்ளங்களில் இறங்க, மேல்வரி மெல்லத் துலங்குகிறது: ‘ழாக் கோத்ரோ என்கிற’.

புகைக்குழாய் ஆல்சீட்டின் வாயிலிருந்து கைக்கு இறங்குகிறது.

“லாவெர்தூர்ங்கறது இவருக்குப் பட்டாளத்துல வெச்ச பட்டப்பேரு,” என்கிறாள் துணியைப் பிழிந்தபடி. “மூத்த மகன் கோத்ரோன்னு போட்டுக்கிட்டான், இளையவன் பட்டப்பேரைப் போட்டுக்கிட்டான். நீங்க மூத்தவன் வழி, நாங்க இளையவன் வழி.”

அவர் குனிந்து அந்த வரியையே பார்க்கிறார். இலையொன்று தொப்பியில் விழுந்து நிற்கிறது.

“காலை எடுங்க, அண்ணே. நம்ம முப்பாட்டனை மிதிச்சுக்கிட்டு நிக்கிறீங்க.”