தேறாத பில்ட்

மெய்-ஷுவான், நாளை உன் கல்யாண விருந்து. நான் ஏன் இன்னும் ரயில் ஏறவில்லை என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

தைவானின் ஷின்ஜு நகரில் உள்ள எங்கள் அலுவலகத்தில், எழுதிய நிரல்களை ஒன்றாகத் தொகுத்து ஓட்டிப் பார்ப்பதை பில்ட் என்போம். அதை உடைத்தவர், அது தேறும்வரை வீட்டுக்குப் போகக் கூடாது. மதியம் மூன்றரைக்கு நான் உடைத்தேன். காரணம் அறிய, ஒவ்வொரு பில்டின் முடிவும் நேரமும் பதிவாகும் பதிவேட்டில் தேடல் கட்டளை எழுதினேன்: தோல்விகள் மட்டும், என் பெயர் மட்டும், இன்று மட்டும். ஒரு வரி வர வேண்டும். ஒன்பது வந்தன. மற்ற எட்டு வரிகளில் இருந்த நேரம் இன்னும் வரவே இல்லை.

பக்கத்து மேசை வெய்-ஹான் எட்டிப் பார்த்தான்.

"சர்வர் மேல வச்ச பச்சைப் பொட்டல நொறுக்குத்தீனி காலாவதி ஆயிடுச்சுக்கா. அதான் மெஷின் முறுக்கிக்குது."

மெஷின் சொன்னபடி கேட்க அதன் மேல் பச்சைப் பொட்டலம் வைப்பது இங்கே ஒரு நம்பிக்கை; புதுசு ஒன்று வைத்தான். நான் பிழையைத் திருத்தி, நாலு பத்துக்கு மறுபடி ஓட்டினேன். உடைந்தது. பட்டியலில் இரண்டாவது வரியின் நேரமும் நாலு பத்துதான்.

'இன்று மட்டும்' என்பதை நீக்கினேன். நாளைய தேதியில் முப்பத்தொரு தோல்விகள். புத்தாண்டு விடுமுறையிலும் இருந்தன.

"என் பேரைப் போடுங்க."

அவன் பெயரில் எதுவும் இல்லை.

"நான் தப்பிச்சேன்! உங்களுக்குத்தான்க்கா ஆயுள் தண்டனை," என்று சிரித்துக்கொண்டே பையை மாட்டிக் கிளம்பினான்.

பிறகு கட்டளையில் 'தோல்விகள்' என்பதை அழித்துவிட்டு, 'வெற்றி' என்று போட்டுத் தேடினேன். இனி வரும் நாட்களில் ஒரே ஒரு வரி. அதில் இருந்த வருடத்தில் எனக்கு எண்பத்தொரு வயது ஆகியிருக்கும்.

விருந்தில் முதல் மேசையில் எனக்குப் போட்ட நாற்காலியை அத்தைக்குக் கொடுத்துவிடு.