பொய்த்துப்போன கணிப்பு

"உங்க மெஷின் பொய் சொல்லுதா, இல்ல நீங்க சொல்றீங்களா?"

அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்து வந்திருந்த மகன் போட்ட சத்தத்தில், வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை எவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும் ஏஐ மெஷின் அது. மேலிடத்தில் மல்லுக்கட்டி வாங்கி வைத்தவரே டாக்டர்தான். இந்த அம்மாவுக்குத் தொண்ணூறு சதவீதம் என்று சொல்லியிருந்தது.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம். எழுத்துப் பலகையில் மேலே இருக்கும் பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை என்கிறார் அம்மா.

"இன்னொரு தடவை பாருங்கம்மா" என்றார் டாக்டர்.

"எல்லாம் புகை மூட்டமா இருக்குப்பா." அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு மாசமா என் வீட்டுல வெச்சிருந்தாச்சு. அவங்க வீடு பூட்டிக் கிடக்கு. இனிமே தனியா சமாளிச்சுக்குவாங்கன்னு, அங்க கொண்டுபோய் விட நாளைக்கு வண்டிக்குச் சொல்லிட்டேன். இப்ப என்ன பண்றது?"

எழுத்துப் பலகை அருகே நின்ற, பரிசோதனை செய்யும் பெண்ணின் பக்கம் மகன் திரும்பினார். "கோட்டுல பொத்தான் தொங்குது, அதைத் தைக்கத் துப்பில்ல. இதுல ஏஐ ஒண்ணுதான் குறைச்சல்! புகார் எழுதணும், பேப்பர் குடுங்க."

"என் ரூமுக்கு வாங்க, தாராளமா எழுதுங்க!" டாக்டரும் விடவில்லை.

அங்கேயும் பத்து நிமிடம் வாக்குவாதம். லென்ஸ் சரியாக உட்கார்ந்திருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் படம் படமாகக் காட்டினார். மகன் மசியவில்லை.

இருவரும் திரும்பி வந்தபோது அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"மன்னிச்சுடுங்க சார். மெஷின் சொன்னது தப்புதான். பார்வை திரும்ப எத்தனை நாளாகும்னு சொல்ல முடியாது. அதுவரைக்கும் அம்மாவைத் தனியா விட்டுடாதீங்க."

"அப்படி ஒத்துக்குங்க!" புகாரை மேசையில் வீசிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துப் போனார் மகன்.

கதவு சாத்தியதுதான் தாமதம், டாக்டர் வெடித்தார்.

"யாரைக் கேட்டு ஒத்துக்கிட்டே? என் மானத்தையே வாங்கிட்டியே! ரெக்கார்டுலயும் தப்புன்னு எழுதிட்டியா?"

"இல்ல டாக்டர். கணிப்பு சரின்னுதான் எழுதியிருக்கேன்."

"சரியா? அந்தம்மாவுக்குப் பார்வை வந்துடுச்சுன்னு உனக்கு யார் சொன்னா?"

அவள் கோட்டை இழுத்துக் காட்டினாள். பொத்தான் கச்சிதமாகத் தைக்கப்பட்டிருந்தது.

"மகன் என்னைத் திட்டினது அவங்களுக்குப் பொறுக்கல. நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போனதும் பையிலிருந்து ஊசியை எடுத்தாங்க. நூலைக்கூட அவங்களேதான் கோத்தாங்க."

டாக்டர் குனிந்து பொத்தானைப் பார்த்தார். "அப்புறம் எதுக்குத் தெரியலன்னு சாதிச்சாங்க?"

"நானும் அதைத்தான் கேட்டேன்." மகன் வீசிவிட்டுப் போன புகாரை அவள் கோபமாக ஒதுக்கித் தள்ளினாள். "'தெரியுதுன்னு சொன்னா, நாளைக்கு வண்டி வந்துடும்மா'ன்னாங்க."