பெட்டியைப் பிடிக்க ஓர் ஆள்

“தாத்தா, உங்களுக்கு வலிக்குதா, பயமா இருக்கா?”

நடுச்சாலையில் விழுந்து கிடந்த, ஓய்வுபெற்ற தபால்காரரிடம், அவர் மேல் சைக்கிளை மோதிய சிறுமி அன்று இப்படித்தான் கேட்டாள்.

“வலிதாம்மா. வேற ஒண்ணுமில்லை” என்றார் அவர். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

“பார்த்து வரமாட்டியா? உன்னைப் பெத்தவங்க எங்கே? கூப்பிடு அவங்களை” என்று ஆளாளுக்குச் சிறுமியை அதட்டினார்கள்.

“விடுங்கப்பா. குழந்தை அதோட பாதையிலதான் வந்துச்சு. நான்தான் பராக்குப் பார்த்துக்கிட்டு சைக்கிள் பக்கம் கால் வச்சிட்டேன்.”

அது பொய். அவர் நடப்பவர்களுக்கான பட்டையில்தான் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் சாலையைக் கடக்க, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒரே பச்சை விளக்கு. நடக்க வெள்ளைப் பட்டை, சைக்கிளுக்குச் சிவப்புப் பட்டை என்று தரையில் தீட்டித்தான் வைத்திருந்தார்கள். விளக்கு விழுந்த பிறகு தரையை யார் பார்க்கிறார்கள்?

சிராய்ப்பு சீக்கிரமே ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. வேலையிலிருந்த காலமெல்லாம் தபால் பையோடு சைக்கிளிலேயே ஊரைச் சுற்றியவருக்கு, இப்போது சைக்கிள் மணி கேட்டாலே கால் பின்னியது.

சாலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. பக்கவாதத்தில் விழுந்த அவர் மனைவி அங்கேதான் படுத்திருந்தாள். நர்ஸ் ஊட்ட வந்தால் வாயை இறுக மூடிக்கொள்வாள். கணவர் கையால் கொடுத்தால்தான் இறங்கும். மகன் விடியுமுன் வேலைக்குப் போகிறவன். சாயங்காலம் அப்பாவை வண்டியில் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவான். காலையில் போய்ச் சேருவதுதான் அவர் பாடு.

விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பச்சை விழும், போகும். மறுபடி விழும், மறுபடி போகும். இரண்டு நாள் வீட்டுக்கே திரும்பிவிட்டார். அந்த இரண்டு நாளும் அவள் பகலெல்லாம் பட்டினி. ‘ரோடு தாண்ட பயமாயிருக்கு, கையைப் பிடிச்சுக்கோங்க’ என்று யாரிடமாவது கேட்க மீசை இடம் தரவில்லை. மகனிடம் கூட, “மூட்டு வலிப்பா” என்று சொல்லிவிட்டார்.

மறுநாளும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ‘கடவுளே, அவ பசியோட இருக்கா’ என்று மனதுக்குள் முறையிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

“ஐயா, கொஞ்சம் இந்தப் பெட்டியைப் பிடிச்சுக்கிறீங்களா?”

கழுத்தில் அளவு நாடா தொங்க, ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்றாள். கேரியரில் பெரிய அட்டைப் பெட்டி.

“வீட்டுல தைச்ச துணிங்க. அந்தப் பக்கம் கடைக்குக் கொண்டு போகணும். தள்ளும்போது சாயுது.”

“கயிறு போட்டுக் கட்டக் கூடாதா?”

“கட்டினா மடிப்பு கலைஞ்சிடும்ங்க.”

“இத்தனை பேர் நிக்கிறாங்க. நான்தான் கிடைச்சேனா?”

“அவங்கெல்லாம் கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்ட மாதிரி ஓடுறாங்க. நீங்க ஒருத்தர்தான் நிதானமா நிக்கிறீங்க.”

நிதானம் என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது. பச்சை விழுந்தது. பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். எதிரே ஒருவன் மணியடித்தபடி நேராக வந்தான்.

“மெதுவா வாப்பா, துணி இருக்கு” என்று அதட்டினார் தபால்காரர். சொன்ன பிறகுதான் கவனித்தார், அந்தப் பக்கத்து நடைபாதையில் ஏறியிருந்தார்.

அதன்பின் தினமும் அந்தப் பெட்டி வந்தது. அவர் கையும் அதற்குத் தயாராக இருந்தது.

“ஏம்மா, உனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா, தெரியாதா? தள்ளிக்கிட்டேதான் வர்றே.”

“எனக்குத் தெரியும்ங்க. இந்தப் பெட்டிக்குத்தான் ஒழுங்கா உட்காரத் தெரியலை.”

“நாளைக்கு நான் வரலைன்னா என்ன பண்ணுவே?”

“அப்படி மட்டும் பண்ணிடாதீங்க ஐயா. உங்களை நம்பித்தான் புது ஆர்டரே எடுத்திருக்கேன்.”

“வந்துடறேன், வந்துடறேன். அழாதே” என்று சிரித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்.

கட்டிலில் சாய்ந்திருந்த மனைவி, குழறும் குரலில் கேட்டாள். “இன்னிக்கும் அந்தப் பொண்ணுக்கு ஒத்தாசையா?”

“என்ன பண்றது? நான் இல்லைன்னா அது ரோடு தாண்டாது, பாவம்” என்று சோற்றைப் பிசைந்தார். “கையில வேலை இருக்கு, மனசுல பயம் இருக்கு. யாராவது ஒருத்தர் கூட நிக்க வேண்டியிருக்கு.”

மனைவி வாயைத் திறந்தாள்.

அதே நேரம் அந்தப் பெண், அடுத்த பச்சை விளக்கில் சைக்கிளைத் திருப்பித் தள்ளிக்கொண்டு, புறப்பட்ட பக்கத்துக்கே வந்து சேர்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிப் பக்கத்தில் அவளுக்குக் கடையே கிடையாது. இங்கே, விளக்குக் கம்பத்துக்குப் பின்னால், அங்கே நிற்பவர் கண்ணில் படும் சந்தில்தான் அவள் தையல் கடை இருந்தது. கடையில் யாரும் இல்லை. பெட்டியை இறக்கித் திறந்தாள். உள்ளே இருந்ததெல்லாம் வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகள். கனம் குறைந்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று இன்னும் இரண்டு கை அள்ளி அமுக்கி, நாளைக்காக ஓரமாக வைத்தாள்.

அன்று கூட்டம் அதட்டிய சிறுமி அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி, முன்பின் தெரியாத ஒரு தாத்தா தனக்காகச் சொன்ன பொய்யையும், சொல்லாமல் மறைத்த பயத்தையும் சொன்னது, தன் அம்மாவான இவளிடம்தான்.