செலோ மூலை

"அந்த மூலையை எடுத்துட்டா அப்புறம் அந்த மேப்புல விளையாட என்ன இருக்கு, குயா லினோ?" என்றாள் ரோவீனா. கால் சென்டர் வேலைக்காக பகோலோட் நகரத்துக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. வயதில் சின்னவள், மன்றத்து ஆண்களை எல்லாம் குயா என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். ஆனால் வாய் மட்டும் யாருக்கும் சளைக்காது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பென்ஹுரின் கம்ப்யூட்டர் கடையில் ரசிகர் மன்றம் கூடியிருந்தது. 'எஃகு வேட்டை' என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் ஐந்தாம் பாகம் வரப்போகிறது. அதில் 'பனிக்கட்டிக் கிடங்கு' என்ற பழைய மேப்பை, அதாவது ஆடுகளத்தை, திரும்பக் கொண்டுவருகிறோம், அப்படியே வேண்டுமா, மாற்ற வேண்டுமா என்று கம்பெனி மன்றங்களைக் கேட்டிருந்தது. தலைவர் பென்ஹுர் எல்லோருக்கும் வெல்லம் வைத்த பியாயா ரொட்டியும் குளிர்பானமும் கொடுத்து, முடிவு சொல்லாமல் ஒருத்தரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

தகராறு எல்லாம் ஒரே ஒரு மூலையைப் பற்றித்தான். பனிக்கட்டிப் பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கிறது. போன வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். சுற்றுவட்டத் தீவுகளில் அதற்கு 'செலோ மூலை' என்று பேர். பயந்து பதுங்குகிறவனைப் பார்த்து, செலோ போடாதடா என்று பொடிசுகள்கூடக் கிண்டல் செய்யும்.

செலோ யார் என்று அந்தக் கடையில் ஒருத்தருக்கும் தெரியாது, லினோவைத் தவிர. மார்செலினோ என்ற அவன் பேரை பக்கத்துத் தீவில் இருக்கும் இலோய்லோவில் செலோ என்று சுருக்கிக் கூப்பிட்டார்கள். கடல் தாண்டி இங்கே வந்ததும் அவனே அதை லினோ என்று வேறு மாதிரி சுருக்கிக்கொண்டான்.

மூலைக்கு அந்தப் பேர் வந்தது, பல வருடங்களுக்கு முன் இலோய்லோவில் அவன் ஆடிய, கடைக்கும் கடைக்குமான இறுதி ஆட்டத்தில். எதிரணி வேறு ஊரில், வேறு கடையில் உட்கார்ந்து ஆடியது. முகம்கூடத் தெரியாது. அவர்கள் குண்டு வைத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர்தான் மிச்சம். ஓடிப்போய்க் குண்டை முடக்கியிருந்தால் கோப்பை இவனுக்கு. ஆனால் அந்த மூலையில் பதுங்கியவன் கடைசிவரை வெளியே வரவில்லை. குண்டு வெடித்தபோது நாற்காலிக்குப் பின்னால் நின்ற கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதை எவனோ வீடியோ எடுத்துப் போட, பேர் நிலைத்துவிட்டது. வீடியோவில் தெரிந்தது திரையும் அவன் முதுகும்தான். அந்தப் புண்ணியத்தில் இத்தனை வருடம் தப்பித்தான். மூலை ஒழிந்தால் பேரும் ஒழியும் என்பதுதான் இன்றைக்கு அவன் கணக்கு.

ரோவீனா விடவில்லை. புதுப் பாகங்கள் எல்லாம் வெறும் ஓட்டப்பந்தயம் ஆகிவிட்டன, மூன்று சந்தும் நடுவில் ஒரு மைதானமும் போட்டால் அதற்குப் பேர் மேப்பா, பயப்பட இடமே இல்லாத ஆட்டத்தில் தைரியத்துக்கு என்ன மரியாதை என்று பொரிந்து தள்ளினாள். பாதிப் பேர் ஆமாம் போட்டார்கள்.

ஒரே வழி உள்ள மூலை என்பது சோம்பேறி வேலை என்றான் லினோ. ஒளிகிறவனுக்கு அது வசதி, ஆடுகிறவனுக்குத் தண்டனை. சுவர் வைத்து அடைத்தால்தான் ஆட்டம் உருப்படும் என்று மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினான்.

பென்ஹுர் சிரித்தார். "உனக்கு ஏன்ப்பா அந்த மூலை மேல இவ்வளவு காண்டு? செலோ உன் சொந்தக்காரனா?"

லினோவின் முகத்தில் ஈயாடவில்லை. எல்லோரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றியது. எதையாவது சொல்லித் தப்பித்தாக வேண்டும்.

"அந்தக் கோழையா எனக்குச் சொந்தம்? சுவத்தை ஒட்டி யாரோ நடந்து வந்து நிக்கிற காலடிச் சத்தம் கேட்டதுமே மவுஸ்லேருந்து கையை எடுத்துட்டவன் அவன். அவன் பேரு ஒரு மேப்புல இருக்கறதே நமக்கெல்லாம் அவமானம்."

சொன்னதற்குக் கைதட்டல் கிடைத்தது. அவனுக்கோ நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றைக்கு ஊர் சிரித்ததுகூட இவ்வளவு கூசவில்லை. இன்றைக்குத் தன் வாயாலேயே தன்னைக் காறித் துப்பியிருக்கிறான். தலையைக் குனிந்துகொண்டான்.

ரோவீனா கையில் இருந்த பியாயாவைக் கீழே வைத்துவிட்டு அவனையே உற்றுப் பார்த்தாள்.

கை தூக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் சமமாக வந்தது. ரோவீனா மட்டும் இன்னும் தூக்கவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது, மூலையை எடுத்துவிடலாம் என்று மெதுவாகக் கை தூக்கினாள். பென்ஹுர் தலையைச் சொறிந்துகொண்டே முடிவைக் கம்பெனிக்கு அனுப்பினார்.

ஜெயித்த சந்தோஷம் லினோவுக்குக் கொஞ்சமும் இல்லை. டிரைசைக்கிள் நிறுத்தத்தில் அவளைப் பிடித்து, அத்தனை நேரம் சண்டை போட்டுவிட்டு ஏன் திடீரென்று மாறினாள் என்று கேட்டான்.

அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினாள்.

"அந்தக் காலடிச் சத்தம் வீடியோவுல கிடையாது. ஹெட்ஃபோன் மாட்டியிருந்தவருக்கும் நடந்து வந்தவங்களுக்கும் மட்டும்தான் தெரியும். துப்பாக்கியில ஒரு தோட்டாகூட இல்லாம சுவத்துக்கு அந்தப் பக்கம் நடுங்கிக்கிட்டு நின்னது நான்தான். கோப்பையை வாங்கி வெச்சுக்கிட்டு இத்தனை வருஷமா வாயைத் திறக்கல. நீங்க மட்டும் தலையை நீட்டியிருந்தா அந்த மூலைக்கு என் பேருதான், குயா செலோ."