அறுநூறு ரூபாய் கூடுதல்

"எனக்கு டிஸ்க்கு வேண்டாம், டவுன்லோடு கோடு மதி எக்கா. ரெண்டாயிரம்தானே?" என்று கேட்டான் ரெனில்.

"அது வேண்டாம் மக்கா" என்றாள் ஷிஜா. " டிஸ்க்கு எடு. ரெண்டாயிரத்து அறுநூறு."

"ரெண்டும் ஒரே கேம்தானே?"

"கேம் ஒண்ணுதான். ஆனாலும் டிஸ்க்கு எடு. நானாக்கும் சொல்லுதேன்."

ரெனில் பொழியூர்க்காரன். ஆழ்கடல் மீன்பிடி போட்டில் வேலை. கொஞ்சம் தயங்கினான். பிறகு பர்ஸைத் திறந்து பணத்தைக் கொடுத்துவிட்டு, டிஸ்க்கோடு போனான்.

பாறசாலையில் அந்த ஒற்றைக் கடை அறைக்கு வாடகைக்காரர்கள் இரண்டு பேர். ஒரு பக்கம் ஷிஜாவின் வீடியோ கேம் விற்பனை. மறுபக்கம் பிரசீதாவின் மொபைல் ரிப்பேர்.

பிரசீதாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னட்டி இது? கடல்ல கெடந்து சம்பாதிச்ச பைசா. அவன் தலையில கூடின வெலையக் கெட்டிவிட்டியே!"

"டிஸ்க்கு அடிக்கணும், பெட்டி செய்யணும், லாரியில ஏத்தணும், இடையில டீலருக்கும் கொடுக்கணும். வெல கூடத்தானே செய்யும்?"

"அந்தச் செலவு ஒண்ணும் இல்லாத கோடும் ஒன் கையில உண்டுல்லா? கேட்டவனுக்கு அதக் கொடுத்தா என்ன? டிஸ்க்குல ஒனக்கு லாபம் கூடுதல். அதாக்கும் காரியம்."

"லாபம் கூடுதல்தான்" என்றாள் ஷிஜா, மறைக்காமல்.

பிரசீதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வியாபாரம் படுத்துவிட்டது, வாடகைக்கே ஷிஜா திண்டாடுகிறாள், எல்லாம் தெரிந்ததுதான். அதற்காக இப்படியா? அன்று டீக்கடையில் சாயா சொன்னபோது, தனக்கு மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் யேசுவடியான் வந்தான். ரெனிலோடு ஒரே போட்டில் போகிறவன்.

"ரெனில் வீட்டில அந்த கேமக் கண்டேன் எக்கா. கொள்ளாம்! எனக்கும் ஒண்ணு வேணும். கோடு மதி." இரண்டாயிரத்தை மேசையில் வைத்தான்.

ஷிஜா பணத்தை அவன் பக்கமே தள்ளினாள்.

"எலே, ஒனக்கு எதுக்கு வேற? ரெனில் ஆடி முடிச்சதும் அந்த டிஸ்க்க வாங்கி ஒன் மெஷின்ல போடு. நீ முடிச்சா அடுத்தவனுக்குக் கொடு. கோடுன்னா வாங்கினவனோட நிண்ணு போவும். டிஸ்க்கு கரை முழுக்க ஓடும். அதுக்காக்கும் அவன டிஸ்க்கு எடுக்கச் சொன்னது."

யேசுவடியான் சிரித்துக்கொண்டே பணத்தை எடுத்தான். "அப்போ வாறேன் எக்கா."

பிரசீதா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"அட பாவி... அந்த ஒரு டிஸ்க்க வித்து, ஒனக்கு வரவேண்டிய நாலஞ்சு யாவாரத்தையா கெடுத்துக்கிட்ட?"

"நாலஞ்சா?" ஷிஜா சிரித்தாள். "அந்தப் போட்டில பன்னெண்டு பேரு. பன்னெண்டும் கேம் பைத்தியமாக்கும்!"