பதினோராவது பொருத்தம்

முகக்கவசம் கொடுத்தது மோகனப்பிரியாவுக்குக் கிருமி ஒட்டாமல் இருக்க. சுப்பாத்தாளோ, அவளிடமிருந்துதான் தனக்கு ஏதோ ஒட்டிவிடும் என்பதுபோல மூக்குக்கு மேலே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள்.

வரப்போகும் மாமியார். கட்டிலருகே நாற்காலி காலியாகக் கிடக்க, கதவோரமே நின்றாள். மகன் கிருபாசங்கர் அவளுக்கும் பின்னால்.

ஆவணியில் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் முடிந்தது. ஐப்பசியில் மோகனப்பிரியாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். அன்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக் கிணத்துக்கடவுக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. குரோமோசோம் ரிசல்ட் வருகிற நாள் தெரிந்து இன்றைக்கு வந்திருக்கிறார்கள்.

புற்றுநோய்ச் செல்லில் எந்தக் குரோமோசோம் மாறியிருக்கிறது என்பதை வைத்துத்தான் மருந்து கேட்குமா, நோய் திரும்புமா என்று சொல்ல முடியும். இது பரம்பரைக் கோளாறு இல்லை, பிள்ளைகளுக்குப் போகாது என்றும் டாக்டரம்மா கிருபாசங்கரிடம் போனில் படித்துப் படித்துச் சொன்னார். யார் காதில் விழுந்தது?

"பத்துப் பொருத்தமும் பாத்தோமுங்க அம்மிணி, இந்தக் குரோமோசோமப் பாக்காம உட்டுப்போட்டோம். ரிசல்ட்டு நல்லதா இருந்தா வைகாசியில வெச்சுக்கலாமுங்க. இல்லாட்டி..." என்று இழுத்தாள் சுப்பாத்தாள்.

மரியாதைக்குக் குறைச்சலில்லை. இந்த ஊரில் கழுத்தை அறுப்பதானாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள்.

மோகனப்பிரியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பார்களே, அதே பார்வை.

கிருபாசங்கரைப் பார்த்தாள். எதுவானாலும் கட்டிக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லேன்டா. அவன் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"கெட்ட வகைதானுங்க," என்றாள். "மருந்துக்கு அடங்காதாமா."

சுப்பாத்தாள் விட்ட பெருமூச்சில் முகக்கவசமே புடைத்துத் தணிந்தது.

தலையணைக்கு அடியிலிருந்து நிச்சய மோதிரத்தை எடுத்து நீட்டினாள் மோகனப்பிரியா. அதற்கு மட்டும் சுப்பாத்தாள் கட்டிலருகே வந்தாள்.

அவர்கள் லிஃப்டில் இறங்கிப் போக, அப்பா கதிரேசன் படியேறி மூச்சு வாங்க வந்தார். கையில் மைசூர்பா பெட்டி.

"நர்ஸம்மாக்களுக்குக் குடுக்கலாம்னு வாங்கியாந்தேன். ஏங்கண்ணு, சம்பந்தி ஊட்டுக்காரங்க அதுக்குள்ள போயிட்டாங்களா? நல்ல வகை, மருந்துக்கு நல்லாக் கேக்கும்னு காலையில டாக்டரம்மா சொன்னதச் சொன்னியா?"

மோகனப்பிரியா பெட்டியை வாங்கிப் பிரித்தாள்.

"அவங்களுக்கு வேண்டிய சேதியச் சொன்னேனுங்கப்பா. சந்தோசமாப் போனாங்க."